மனு யாருக்கு எழுதப்படுகிறது? – சில குறிப்புகள்

1

எங்கள் பக்கத்தில் ஒருவன் கொஞ்சம் எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால், அவன் கதை எழுதுகிறானா கட்டுரை எழுதுகிறானா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. மனு எழுத வருமா, வராதா? அவ்வளவுதான் கேள்வி. எப்போதும்வென்றானில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, கண்மாய் மடை, பயிர்க் காப்பீடு என்று எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்த் தோழர்கள் கேலி பண்ணுவார்கள்: 'எப்போதும் வென்றவன் ஊருக்கு எதுக்குய்யா இத்தன மனு?'

கேலியாகவே இருக்கட்டும், கேள்வி நியாயமானது. இயக்கங்களில் இருக்கும் நமக்கு மனு என்றாலே ஒரு கூச்சம் உண்டு. மனு போடுவது கெஞ்சுவது; அறிக்கை விடுவது, பிரகடனம் செய்வது, போராடுவது – இதெல்லாம் அரசியல். இப்படி ஒரு ஏணியை நம் மனசில் கட்டி வைத்திருக்கிறோம். அந்த ஏணியை ஆட்டியது புத்தகம் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் நான் மதினி என்று கூப்பிடுகிற ஒரு சம்சாரி.

2018ஐ ஒட்டி மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து மானாவாரிக் காடெல்லாம் நாசமானது பலருக்கும் நினைவிருக்கும். இழப்பீடு கேட்டு ஒரு மனு எழுதினேன். 'பணிந்து', 'தாழ்மையுடன்', 'தங்கள் மேலான சமூகம்' போன்ற அடிமை மொழியை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, 'நாங்கள் கோருகிறோம்' என்று நிமிர்த்தி எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் மதினி சொன்னாள்:

"ஏ தம்பி, கும்புடுதேன்னு ஒரு வார்த்த போடலியே. வெறப்பா நிக்கிற மாதிரில்லா இருக்கு."

உரிமை, குடிமகன், அரசியல் சட்டம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"உரிமைய நீ மனசுல வச்சுக்க. தாள்ல கும்புடு போடு. ஆனா எல்லார் பேரையும் போடு. நாப்பது பேரு சேந்து கும்புட்டா அது கும்புடா?"

இந்தக் கட்டுரை மதினியின் கடைசி வாக்கியத்துக்கான விளக்கவுரை, அவ்வளவே.

2

மனுவுக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று அர்ஜி. இன்னொன்று மகஜர். இரண்டும் அரபி மூலத்திலிருந்து பாரசீக ஆட்சிமொழி வழியாக நமக்கு வந்து சேர்ந்தவை. அர்ஜி என்பது கீழே நிற்பவன் மேலே இருப்பவனுக்குச் சமர்ப்பிப்பது. மகஜர் என்பதன் வேர்ச்சொல்லோ 'முன்னிலையில் இருத்தல்' என்ற பொருள் தருவது. ஒரு விஷயத்தை அறிந்தவர்கள் கூடியிருந்து, பலர் முன்னிலையில் உறுதி செய்து, கையொப்பம் இட்ட ஆவணம் அது. ஈழத்தில் கூட்டாகக் கொடுக்கும் மனுவை இன்றும் மகஜர் என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல் போலீஸ்காரர் கையில் மாட்டிக்கொண்டது. பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளை வைத்து எழுதுகிற தாளுக்கு அது பெயராகிவிட்டது. கூடியிருந்த சனம் போய், இரண்டு சாட்சிக் கையெழுத்து மிச்சம்.

இந்த இரண்டு சொற்களும் ஒரே தாளின் இரண்டு திசைகளைக் காட்டுகின்றன. 'பெறுநர்' என்று மேலே எழுதுகிறோமே, அது ஒரு திசை. கையெழுத்துக்காக வீடுவீடாகத் தாளைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறோமே, அது இன்னொரு திசை. எந்த மனுவுக்கும் வெளியே தெரிகிற பெறுநர் ஒருவர், தெரியாத பெறுநர்கள் பலர். என் வாதம் இதுதான்: மனுவின் அரசியல் முதல் பெறுநரிடம் இல்லை, இரண்டாவது பெறுநரிடம் இருக்கிறது.

இரண்டாவது பெறுநர் இல்லாத மனு எப்படி இருக்கும் என்பதற்கு எட்டயபுரமே உதாரணம். புலவன் வள்ளலுக்குத் தன் குறையைப் பாட்டாக எழுதி அனுப்பும் சீட்டுக்கவி தமிழில் பழைய வடிவம். பாரதி சிறுவனாக இருந்தபோது, 1897இல், படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரண்மனைக்குச் செய்யுளில் எழுதினான். 1919இல் மறுபடியும் அதே அரண்மனைக்குச் சீட்டுக்கவி எழுதினான். இடையில் 1918இல் கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம். சீட்டுக்கவியில் நிமிர்ந்து நிற்கிறான். சிறை விண்ணப்பத்தில் விசுவாசம் சொல்கிறான். மொழியின் தோரணைதான் மாறியது. எழுதியவன் தனியாள், வாசிப்பவன் தனியாள் என்ற அமைப்பு மாறவில்லை. நிமிர்ந்து எழுதியதற்கும் குனிந்து எழுதியதற்கும் பதில் சொல்வது முழுக்க மேலே இருப்பவன் மனசைப் பொறுத்தது.

3

தனியாள் மனு எப்போது கூட்டத்தின் பேச்சாக மாறுகிறது? இந்த மாற்றத்தைத் தாள்தாளாகப் பார்க்கக் கிடைக்கிற இடம் பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. 1642 முதல் 1651 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போர்களை, மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை, 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸின் தலை போனது என்று இரண்டு வரியில் பள்ளிக்கூடத்தில் முடித்துவிட்டார்கள். தலை போனதைவிட, அந்தத் தலையை அண்ணாந்து பார்த்து எழுதுகிற பழக்கம் எப்படிப் போனது என்பதுதான் நமக்கு வேண்டிய கதை.

அதற்கு முன்பும் இங்கிலாந்தில் மனுக்கள் குவிந்தன. ஆனால் அவற்றுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருந்தது. உன் குறையைச் சொல், நாட்டின் குறையைச் சொல்லாதே. பணிந்து சொல். மேலே இருப்பவரிடம் மட்டும் சொல், தெருவில் சொல்லாதே. டேவிட் ஸாரெட் என்ற சமூகவியலாளர் 2000இல் எழுதிய நூலில் இந்த இலக்கணத்தை உடைத்தது அச்சு இயந்திரம் என்று வாதிடுகிறார். 1641இல் ஸ்டார் சேம்பர் என்ற கொடுங்கோல் நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் அச்சகங்களின் மீதிருந்த பிடி தளர்ந்தது. தாமஸன் என்ற லண்டன் புத்தக வியாபாரி ஒருவர் மட்டும் 1640க்கும் 1661க்கும் இடையில் ஏறத்தாழ 22,000 பிரசுரங்களைச் சேகரித்து வைத்தார். அதில் மனுக்களும் பிரகடனங்களும் ஏராளம். மனு கொடுக்கும் முன்பே அச்சாகித் தெருவில் விற்றது. வாங்கி வாசித்தவன் அடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டான். 1640 டிசம்பரில் பிஷப்புகளின் ஆதிக்கத்தை வேரோடு ஒழிக்கக் கேட்ட லண்டன் மனுவில் 15,000 பேர்.

1641 நவம்பரில் பாராளுமன்றமே மன்னரின் குற்றங்களைப் பட்டியல் போட்டு ஒரு மாபெரும் முறையீட்டை நிறைவேற்றியது. ஆதரவு 159, எதிர்ப்பு 148. இவ்வளவு நெருக்கமான ஓட்டுக்குக் காரணம் உள்ளடக்கம் மட்டுமல்ல. அதை அச்சிட்டு மக்களுக்குக் காட்டுவார்கள் என்ற பயமும்தான். எட்வர்ட் டெரிங் என்ற உறுப்பினரின் ஆட்சேபத்தைக் கவனியுங்கள். முறையீடு மேல்நோக்கிப் போக வேண்டியது. அதைக் கீழ்நோக்கித் திருப்பி, மன்னரை யாரோ மூன்றாம் மனிதர்போல் வைத்துச் சனங்களிடம் கதை சொல்வோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை என்று அவர் வருந்தினார். எதிரணியில் நின்ற ஒரு ஆள் விஷயத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிட்டார்! தாள் அதேதான். திசை மாறியதுதான் அவருக்குத் திகில்.

பாராளுமன்றம் தொடங்கி வைத்ததைச் சிப்பாய்கள் கையில் எடுத்தார்கள். 1647 மார்ச்சில் சம்பளப் பாக்கி கேட்டு ராணுவத்தினர் மனு தயாரித்தபோது, யாருக்காக அவர்கள் சண்டை போட்டார்களோ அந்தப் பாராளுமன்றமே அவர்களை அரசின் எதிரிகள் என்று அறிவித்தது. அதே காலத்தில் லெவலர்கள் – 'சமன்செய்வோர்' என்று எதிரிகள் வைத்த பெயர் இது – ஜான் லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்டன், வில்லியம் வால்வின் முதலியோரின் வட்டத்தினர், ஒரு பெரிய மனுவைச் சுற்றுக்கு விட்டார்கள். மே மாதம் அதைத் தூக்குப்போடும் சேவகன் கையால் எரிக்கச் சொல்லிக் கீழவை ஆணையிட்டது. மனுவைக் குப்பையில் போடலாம். தண்டனைக்காரன் கையால் எரிப்பானேன்? தாளுக்கு மரண தண்டனை கொடுத்தால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு உறைக்கும் என்பதற்காக.

எரித்த பிறகு இன்னொரு மனு போடுவதில் என்ன பொருள்? அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில், லண்டனை அடுத்த புட்னி தேவாலயத்தில், தளபதிகளும் சாதாரணச் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் எதிரெதிரே உட்கார்ந்து விவாதித்தபோது முன்னே இருந்த தாள் மனு அல்ல. அதன் பெயர் 'மக்கள் உடன்படிக்கை'. அதற்குப் பெறுநரே கிடையாது. மக்கள் மக்களோடு செய்துகொள்கிற ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்டால்தான் அரசே உருவாகும் என்ற துணிச்சல். நவம்பர் நடுவில் சில படைப்பிரிவினர் அந்தத் தாளைத் தொப்பியில் செருகிக்கொண்டு அணிவகுப்புக்கு வந்தார்கள். ஒரு சிப்பாய் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

மனு தோற்றதால் பிரகடனம் வந்தது என்று மட்டும் இதைச் சுருக்கிவிடக் கூடாது. மனு எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்கித் திரிந்த அந்த மாதங்களில்தான் 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம் உண்டானது. அந்தக் கூட்டம் இல்லாமல் உடன்படிக்கையை எழுத ஆள் ஏது?

4

நம்ம காட்டுக்கு வருவோம். எப்போதும்வென்றானும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒரே ஓட்டப்பிடாரம் வட்டம். கட்டபொம்மன் என்றதும் 1959இல் வந்த சினிமாவின் வசனம்தான் நம் காதில் ஒலிக்கிறது. வரி கேட்டவனை வார்த்தையால் அடித்தவன். ஆவணங்களில் வேறொரு கட்டபொம்மன் இருக்கிறான். 1798இல் கலெக்டர் ஜாக்சன் பாக்கி வரிக்காக அழைத்துவிட்டு, ஊர் ஊராக முகாமை மாற்றிக்கொண்டே போக, 23 நாள், சுமார் 400 மைல் பின்னாலேயே அலைந்த கட்டபொம்மன். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் மணிக்கணக்காக நிற்க வைக்கப்பட்டவன். அங்கே கைகலப்பு நடந்து தப்பி வந்த பிறகு அவன் செய்த முதல் காரியம் என்ன? மதராஸ் நிர்வாகத்துக்கு முறையீடு எழுதியது.

அந்த முறையீடு ஜெயித்தது என்பதுதான் நாம் மறந்துபோன சங்கதி. விசாரணைக் குழு அமைத்தார்கள். கட்டபொம்மன் நேரில் போய்ச் சொன்னான். சிறையிலிருந்த அவனுடைய காரியக்காரர் சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தான். ஒரு கலெக்டரின் நாற்காலியைப் பறித்த மனு! ஆனால் அடுத்த கலெக்டர் லூஷிங்டன் வந்தான். அதே வரி, அதே அழைப்பு. 1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கு. தனியாள் மனு ஜெயித்தாலும் ஆளைத்தான் மாற்றும், ஏற்பாட்டை மாற்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். தரைமட்டமான கோட்டை மீண்டும் எழுந்து, மே 24இல் மறுபடி விழுந்தது. அவன் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தான். ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் ஒரு பிரகடனம். திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாசலில் ஒரு பிரதி, ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒரு பிரதி. ஜம்புத் தீவுப் பிரகடனம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். வரலாற்றாளர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது.

இதில் என்னை ஈர்ப்பது ஐரோப்பியரைத் திட்டுகிற பகுதி இல்லை. அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதுதான். கவர்னருக்கு அல்ல, கலெக்டருக்கு அல்ல, நவாபுக்கும் அல்ல. இந்தத் தாளை யார் பார்க்கிறார்களோ அவர்களுக்கு. கவனமாக வாசிக்கச் சொல்கிறது. வாசித்தவர்களும் காதால் கேட்டவர்களும் இதை எழுதித் தம் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் தம் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பாமல் இருந்தால் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம். சுவரிலிருந்து கிழித்தால் பஞ்சமா பாதகம். லண்டனில் அச்சுக்கூடம் செய்த வேலையை இங்கே சாபம் செய்தது. பிரதி எடுக்க இயந்திரம் இல்லாத சீமையில், ஒவ்வொரு வாசகனையும் பிரதி எடுப்பவனாக ஆக்குவதற்கு வேறு என்ன வழி இருந்தது?

டெரிங் பயந்த 'கீழ்நோக்கிய' முறையீட்டைவிட இது ஒருபடி மேலே போகிறது. பக்கவாட்டில் பரவச் சொல்கிறது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். தாளை எழுதியவர்கள் போய்விட்டாலும் தாளின் வடிவம் நமக்கு ஒரு பாடமாக நிற்கிறது.

5

இங்கே நிறுத்தியிருந்தால் மனு கீழே, பிரகடனம் மேலே என்ற பழைய ஏணிக்கே திரும்பியிருப்போம். ஆனால் பிரகடனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'நாம்' என்கிறாயே, யார் அந்த நாம்?

புட்னியில் இந்தக் கேள்விதான் வெடித்தது. கர்னல் ரெயின்ஸ்பரோ, பரம ஏழையாக இருப்பவனுக்கும் வாழ ஒரு வாழ்க்கை உண்டு, அவனை ஆள வேண்டுமென்றால் அவன் சம்மதம் வேண்டும் என்று வாதாடினார். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன், நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே ஓட்டு என்றார். சமரசத்தில் லெவலர்கள் இறங்கி வந்த இடம் எது? வேலைக்காரர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் விட்டுவிடலாம் என்ற இடம். பெண்கள் பேச்சிலேயே இல்லை. 1649 ஏப்ரலில் சிறைப்பட்ட லெவலர் தலைவர்களை விடுவிக்கக் கேட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மனு கொண்டுபோனபோது, இது உங்களுக்கு எட்டாத விவகாரம், வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்ற தொனியில் பதில் வந்தது. அவர்கள் மே மாதம் இன்னொரு மனுவோடு திரும்பி வந்தார்கள். உடன்படிக்கையில் இடம் இல்லாதவர்கள் மனுவின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

மருதுவின் பிரகடனம் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. மதம் தாண்டிய அழைப்பு, சரி. நால்வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அந்த அழைப்பில் எங்கே? இந்தச் சண்டைகளில் அவர்கள் இல்லாமல் இல்லை. கட்டபொம்மனின் படையில் சண்டையிட்டு மாண்ட சுந்தரலிங்கத்தை அவர் ஊரான கவர்னகிரி மறக்கவில்லை. மற்றவர்கள் எப்படி நினைவு வைத்தார்கள் என்பது 1997இல் தெரிந்தது. விருதுநகரை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையுமே பஸ்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ரத்தம் சிந்தியவன் பெயர் தாளில் ஏறவில்லை. ஏற்றினால் பஸ்ஸில் ஏற ஆளில்லை.

இந்தப் பின்னணியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியின் சில மனுக்களை நான் வாசிக்கிறேன். 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாடு, பொதுக் கிணறு உள்ளிட்ட கோரிக்கைகளைத் தீர்மானங்களாக்கி அனுப்பியது. 1893 டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் போட்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக்கூடாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 3,412 கையெழுத்து. தாளின் நீளம் 112 அடி.

தேசிய வரலாறு இந்த மனுவை விசுவாசிகளின் கெஞ்சலாகத்தான் பார்க்கும். உள்ளூரில் தேர்வு வைத்தால் நாற்காலியில் வந்து உட்காரப்போவது யார் என்பது அந்த 3,412 பேருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருக்காரனிடம் கொடுக்க முடியாத மனுவைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டியிருந்தது. மொழியில் பணிவு இருக்கலாம். ஆனால் 'இந்திய மக்கள் கோருகிறார்கள்' என்று காங்கிரஸ் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த 'மக்களில்' எங்களை யார் சேர்த்தது என்று கேட்ட தாள் அது. கும்பிட்டுக்கொண்டே செய்த பிரகடனம். 112 அடி நீளத்துக்கு ஒரு கும்பிடு!

இன்னொரு தற்செயலும் உண்டு. புட்னி விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்த குறிப்புகள் 240 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெட்டிக்குள் கிடந்து, அச்சில் வந்தது அதே 1891இல்தான். பரம ஏழையின் சம்மதம் பற்றி ரெயின்ஸ்பரோ பேசியதை இங்கிலாந்துக்காரனே வாசிக்க ஆரம்பித்த ஆண்டில், அதே கேள்வியை வேறு மொழியில் நீலகிரியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

6

அதிகாரம் மனுவைக் கண்டு எப்போது பயப்படுகிறது? உள்ளடக்கத்தைக் கண்டு பயப்படுவதைவிட எண்ணிக்கையைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறது. 1648 மே மாதம் சர்ரே மாவட்டத்துக்காரர்கள் மன்னரோடு சமாதானம் கேட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு மனுவோடு வந்தார்கள். லெவலர்களுக்கு நேர் எதிரான கோரிக்கை. அங்கேயும் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் பாய்ந்ததில் சிலர் செத்தார்கள். முடியாட்சி திரும்பிய பிறகு 1661இல் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தையோ அரசையோ மாற்றக் கேட்கும் மனுவில் 20 பேருக்கு மேல் கையெழுத்துப் போடுவதென்றால் மூன்று நீதிபதிகளோ மாவட்டப் பெருஞ்சான்றாயமோ முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். மனுவைக் கொடுக்க 10 பேருக்கு மேல் போகக்கூடாது. 1689இல் உரிமைச் சட்டம் மன்னரிடம் மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. கொடு, கூட்டமாய் வராதே.

நம் அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு எந்த ஆளும் தன் குறையைத் தன் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அரசுக்கு முறையிடலாம் என்கிறது. தமிழில் எழுதலாம். நல்லது. ஆனால் எத்தனை பேர் சேர்ந்து நடந்துபோய்க் கொடுக்கலாம் என்பதைத் தாமிரபரணிக் கரையில் போய்க் கேட்க வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. தடியடி, ஆற்றுக்குள் விரட்டல். செத்தவர்கள் 17 பேர், அதில் ஒரு குழந்தையும் உண்டு.

2018 மே 22இல் தூத்துக்குடி தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மறுபடியும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சனம் நடந்தது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லி அரசாணை வந்தது எப்போது? மே 28. அதைத் திறக்கக் கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆறே நாளில் ஏற்றுக்கொள்ள முடிந்த கோரிக்கைதான் அது. ஏற்க முடியாமல் போனது சேர்ந்து நடந்து வந்த கூட்டத்தை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபரில் அதே திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு பிஞ்சுகளோடு, தீயில் கருகிப்போனது. அதற்குப் பிறகு மக்கள் குறைதீர்க்கும் நாளில் வாசலில் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கூட்டமாய் வந்தால் தடி. தனியாய் வந்தால் காது கேட்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மனுநீதிச் சோழன் கதையை ஆட்சியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்தக் கதையில் ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரு பசு. பசுவுக்கு ஓசை உண்டு, பேச்சு கிடையாது. அதன் குறை என்ன என்பதை மந்திரி சொல்ல, நீதி எது என்பதை மன்னன் முடிவு செய்தான். மனு வாங்கும் அதிகாரத்தின் கனவு இதுதான்: ஓசை எழுப்பு, பேச்சை எங்களிடம் விட்டுவிடு. பசு இன்னும் நாற்பது பசுக்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தன் வழக்கைத் தானே வாதாடியிருந்தால் பெரிய புராணம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

7

மதினி சொன்னபடியே அந்த மனுவைத் திருத்தினேன். 'கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம்' என்று மேலே போட்டேன். கையெழுத்து வாங்க அவளே கூட வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் முழுசாக வாசிக்கச் சொன்னாள். வாசிக்க வாசிக்கத் தாள் மாறியது. குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள், 'சிட்டா அடங்கல்ல எங்க பேரு இல்லியே, எங்களுக்கு எதுவும் கெடையாதா?' என்றார்கள். களையெடுக்கப் போனவர்கள், 'காடு அழிஞ்சா எங்க கூலியும்தான போச்சு' என்றார்கள். என் முதல் வரைவில் 'விவசாயிகளாகிய நாங்கள்' என்று இருந்தது. பட்டாக்காரர்கள் மட்டும்தான் அந்த 'நாங்கள்'. நிமிர்ந்த மொழியில் எழுதிய எனக்கு அது உறைக்கவே இல்லை. அயர்ட்டன் என் பேனாவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். தாள் இரண்டு பக்கத்திலிருந்து நாலு பக்கமானது.

அலுவலக வாசலில் அஞ்சு பேர் மட்டும் உள்ளே போங்க என்றார்கள். 1661இல் பத்துப் பேர். நாம் இன்னும் முன்னேறிவிட்டோம். மீதிப்பேர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் முடித்த ஒரு பிள்ளை கைவசம் இருந்த பிரதியைச் சத்தமாக வாசித்தாள். வேறு ஊர்களிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். ஒருவர், "எங்க ஊர்லயும் இதே கததான் அண்ணாச்சி, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிடலாமா?" என்றார். பெறுநர் உள்ளே வாங்கி வைத்த தாள் என்ன ஆனதோ. சிலருக்குப் பணம் வந்தது, பலருக்கு வரவில்லை. குத்தகைக்காரர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஜெராக்ஸ் இரண்டு மூன்று ஊர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் எழுதிய மனுவில் குத்தகைக்காரர் பத்தியும் களையெடுப்பவர் பத்தியும் அப்படியே இருந்தன.

எழுதுகிறவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மனு எழுதக் கூச்சப்பட வேண்டாம். 'பணிந்து' என்ற சொல்லை அடிப்பதில் நம் வீரத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். கையெழுத்துக்கு முன் முழுசாக வாசித்துக் காட்டுவோம். 'நாங்கள்' என்று எழுதும்போது யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேட்போம். ஒரு பிரதியை டீக்கடையில் ஒட்டுவோம், மற்றவர்களை எடுத்துக்கொள்ளச் சொல்வோம். சாபம் எதுவும் போட வேண்டியதில்லை, ஜெராக்ஸ் இருக்கிறது. மதினி போடச் சொன்ன கும்பிடும் மேலே இருந்துவிட்டுப் போகட்டும்.